பழைய காரின் மீட்டர் பழுது: எங்கே தேடுவது, எப்படிச் சரிசெய்வது

பாதித் தொட்டியைக் காட்டிக்கொண்டிருந்த பெட்ரோல் முள் திடீரென்று காலிக்கு விழுகிறது. டேஷ்போர்டின் மேல் ஒரு தட்டுத் தட்டினால் எழுந்து நிற்கிறது. வெயிலில் நின்ற காரில் மீட்டர்கள் எல்லாம் செத்துக் கிடக்கின்றன. சாயங்காலம் குளிர்ந்ததும் தானாக உயிர் வருகிறது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய காரில் இதெல்லாம் சகஜம். உடனே கிடைக்கும் ஆலோசனை, மீட்டர்களும் விளக்குகளும் அடங்கிய பெட்டியான கிளஸ்டரையே மொத்தமாக மாற்றிவிடுங்கள் என்பது. பல நேரம் அது வேண்டாத செலவு. சில கார்களில் மாற்றினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஏன் என்பது பின்னால் வருகிறது.

கிளஸ்டருக்குள் இருக்கும் சிப்புகள் சுலபத்தில் சாவதில்லை. பெரும்பாலும் விட்டுப்போவது இணைப்புகள்: சால்டர் வைத்த இடம், கனெக்டர் பின், எர்த் ஸ்க்ரூ, பல்ப் ஹோல்டரின் நாக்கு. அடுத்தபடியாக, உழைத்து உழைத்துத் தேய்கிற பாகங்கள்: கெப்பாசிட்டர், முள்ளைச் சுழற்றும் மோட்டார், பிளாஸ்டிக் பல்சக்கரம். இவை இரண்டையும் பார்த்து முடிக்கும்வரை சிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது

உங்கள் கார் எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்துக் கிளஸ்டர் மாறும். மிகப் பழைய கார்களில் ஸ்பீடோமீட்டருக்கு கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வரும். பெட்ரோல் முள்ளும் ஹீட் முள்ளும் சின்ன இரட்டை உலோகப் பட்டையில் ஓடும்; மின்சாரம் பாயும்போது பட்டை சூடாகி வளையும், முள் மெதுவாக ஏறும். பின்பக்கம் பச்சை நிற போர்டுக்குப் பதிலாக, செம்பு டிராக் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் பிலிம் இருக்கும்.

அடுத்த தலைமுறையில் முள்ளின் அடியில் ஒன்றுக்கொன்று குறுக்காகச் சுற்றிய காயில்கள் வந்தன. காயில்களில் பாயும் கரண்டின் விகிதம் மாறினால் நடுவில் இருக்கும் காந்தம் திரும்பும், அதோடு முள்ளும் திரும்பும். முள் ஆடாமல் இருக்க உள்ளே கெட்டியான சிலிகான் எண்ணெய் விட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு வந்தவற்றில் எல்லாம் மைக்ரோகன்ட்ரோலர்தான். வேகம், ஆர்பிஎம், சூடு எல்லாம் எண்களாக வந்து சேரும். சிப் கணக்குப் போட்டு ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு ஸ்டெப்பர் மோட்டாரை, அதாவது படிப்படியாகத் திரும்பும் மோட்டாரை, சுழற்றும். ஓடிய கிலோமீட்டர் ஒரு சின்ன எட்டுக்கால் மெமரி சிப்பில் பதிவாகும்.

சேர்ந்து படுத்ததா, தனியாகப் படுத்ததா?

ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். எத்தனை மீட்டர் கோளாறு செய்கிறது, அவை எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பது எது?

பெட்ரோல் முள் மட்டும் தவறு என்றால் சந்தேகம் டேங்கில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைச் சொல்லும் ஃப்ளோட்டின் மேல்தான் முதலில் போக வேண்டும். ஸ்பீடோமீட்டர் மட்டும் சாகிறது என்றால் வேக சென்சார், அல்லது அந்த ஒரு முள்ளின் மோட்டார். ஆனால் பெட்ரோல் முள்ளும் ஹீட் முள்ளும் ஒரே நேரத்தில், ஒரே திசையில் தவறு செய்தால் இரண்டு சென்சார்களும் சேர்ந்து கெட்டிருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டுக்கும் பொதுவாக வோல்டேஜை நிலையாக வைத்திருக்கும் ரெகுலேட்டர்தான் குற்றவாளி. எல்லா மீட்டரும் விளக்கும் ஒன்றாகப் போனால் ஃபியூஸ், இக்னிஷன் சப்ளை, எர்த், இல்லையென்றால் மெயின் கனெக்டர்.

எர்த் என்பது கரண்ட் காரின் உடல் வழியாக பேட்டரிக்குத் திரும்பும் தொடர்பு. அதன் கோளாறுக்குத் தனி அடையாளம் உண்டு. ஹெட்லைட் போட்டதும் பெட்ரோல் முள் நகர்கிறதா? இன்டிகேட்டர் சிமிட்டும்போது வேறொரு விளக்கும் கூடவே மங்கலாகச் சிமிட்டுகிறதா? அப்படியானால் கரண்டுக்கு நேர் வழி கிடைக்காமல், அது பக்கத்து வீட்டு வழியாகத் திரும்பிப் போகப் பார்க்கிறது. கிளஸ்டரைத் தொடவே வேண்டாம். எர்த் பாயிண்ட்டைச் சுரண்டித் துடைத்து ஸ்க்ரூவை இறுக்கினால் போதும்.

இதை அளந்தும் பார்க்கலாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் கொடுங்கள். சிவப்பு முனையை கிளஸ்டர் கனெக்டரின் எர்த் பின்னில் பின்பக்கமாகச் செருகுங்கள். இக்னிஷனும் ஹெட்லைட்டும் எரியட்டும். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட் தாண்டினால் வழியில் எங்கோ துரு அல்லது லூஸ் கான்டாக்ட். ஓம் அளவில் வைத்து எர்த்தைப் பார்ப்பது ஏமாற்றும்; ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் சரி என்றுதான் சொல்லும். லோடு போட்டுப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும்.

திறப்பதற்கு முன் சென்சாரைப் பிரித்துப் பார்ப்பது

டேங்க் ஃப்ளோட் என்பது நகரும் ஒரு ரெசிஸ்டர்தான். அதன் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழைய ஜிஎம் கார்களில் காலி 0 ஓம், முழுசு 90 ஓம். பழைய அமெரிக்க ஃபோர்டில் தலைகீழ்: காலிக்குச் சுமார் 73, முழுசுக்குச் சுமார் 10. விடிஓ வகை ஐரோப்பிய ஃப்ளோட்டில் 10 முதல் 180 வரை. உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதுதான் கடைசி வார்த்தை.

ஃப்ளோட்டின் கனெக்டரைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் பொருத்தமான அளவில் ஒரு ரெசிஸ்டரைக் கொடுத்தால் கிளஸ்டர் ஒழுங்கா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். 90 ஓம் சிஸ்டத்தில் 47 ஓம் வைத்தால் முள் பாதிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கால் வாட் ரெசிஸ்டர் வேண்டாம், சூடாகும். 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் பயன்படுத்துங்கள். கனெக்டரைக் கழற்றுவதும் மாட்டுவதும் இக்னிஷன் ஆஃப் செய்துவிட்டு மட்டும். பெட்ரோல் ஆவி இருக்கிற இடம்.

ஒற்றை ஒயர் வரும் பழைய ஹீட் சென்சாருக்கும் இதே வழி. ஒயரைக் கழற்றினால் முள் குளிருக்கு இறங்க வேண்டும். 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த் கொடுத்தால் சூட்டை நோக்கி ஏற வேண்டும். ஏறத் தொடங்கியதுமே எடுத்துவிடுங்கள். என்ஜின் கம்ப்யூட்டர் வழியாக முள்ளுக்குத் தகவல் போகும் கார்களில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அங்கே காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, கம்ப்யூட்டர் எத்தனை டிகிரி என்கிறது, முள் என்ன காட்டுகிறது என்று ஒப்பிட்டால் போதும்.

ஸ்டெப்பர் மோட்டார் வந்த பல கார்களில் கிளஸ்டருக்குள்ளேயே ஒரு சுயபரிசோதனை இருக்கும். ட்ரிப் பட்டனை அழுத்தியபடி இக்னிஷன் போடுவது வழக்கமான முறை. முள்கள் எல்லாம் ஒரு முறை முழுக்க ஏறி இறங்கும். ஒழுங்காக ஏறி இறங்கினால் மோட்டாரும் அதை ஓட்டும் சர்க்யூட்டும் நலம். கோளாறு உள்ளே வரும் தகவலில். இதைச் செய்யாமலே கிளஸ்டரைப் பிரித்துப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

கழற்றுவது

ஏர்பேக் உள்ள காரானால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு 10 நிமிடமாவது காத்திருங்கள். ஏர்பேக் கன்ட்ரோலரில் சேர்ந்திருக்கும் சார்ஜ் இறங்க வேண்டும். ரேடியோவுக்கு ரகசிய எண் இருந்தால் அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீயரிங்கை முழுக்கக் கீழே இறக்கி, அதன் மேல் ஒரு துணி போட்டு மூடுங்கள். கிளஸ்டரின் கண்ணாடி பிளாஸ்டிக், ஒரு உரசல் போதும். ஃபிரேமின் ஸ்க்ரூக்களை எடுத்ததும் கிளஸ்டரை முன்னால் இழுக்காமல், மேல்பக்கத்தைச் சாய்த்துப் பின்னால் கையை நுழையுங்கள். கேபிள் ஸ்பீடோமீட்டர் என்றால் கேபிள் தலையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப்பை அமுக்கித்தான் விடுவிக்க வேண்டும். லீவர் வைத்த கனெக்டரை ஒயரைப் பிடித்து இழுத்தால், இருக்கிற பழுதோடு புதுசாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வீர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

கிளஸ்டர் வெளியே இருக்கும்போது இக்னிஷனைப் போடாதீர்கள். விளக்கு இல்லை என்று ஏர்பேக் கன்ட்ரோலர் பழுதுக் குறியீடு ஒன்றைப் பதிந்துகொள்ளலாம். அதை அழிக்க ஸ்கேனர் தேட வேண்டிவரும்.

டிரை சால்டர்: பாதிக் கேஸ்கள் இங்கேதான் முடியும்

தட்டினால் சரியாகிறது, மேடு பள்ளத்தில் போகிறது, சூட்டில் போகிறது, குளிரில் வருகிறது. இந்த நான்கில் எது இருந்தாலும் முதல் சந்தேகம் டிரை சால்டர், அதாவது விரிசல் விட்டுத் தொடர்பு சரியாக இல்லாத சால்டர் ஜாயின்ட்.

ஏன் வருகிறது? மெயின் கனெக்டரின் பின் ஒரு கெட்டியான உலோகக் குச்சி. அது போர்டின் ஓட்டைக்குள் நுழைந்து சால்டரால் பிடிக்கப்பட்டிருக்கிறது. போர்டு சூட்டில் விரியும் அளவும் பின் விரியும் அளவும் வேறுவேறு. தினமும் காலை குளிர், மதியம் சூடு என்று பல வருடம் இழுபட்டால் நடுவில் இருக்கும் சால்டர் களைத்துப்போகும். அதிர்வு அதை இன்னும் சீக்கிரப்படுத்தும். கனெக்டரைச் செருகும்போது கையால் கொடுக்கும் அழுத்தம் முழுவதையும் தாங்குவதும் இதே சால்டர்தான். அதனால்தான் கனமான, பெரிய, கை படுகிற பாகங்களின் கால்களில் முதலில் விடுகிறது: கனெக்டர், பட்டன், ரெகுலேட்டர், பஸ்ஸர், பெரிய கெப்பாசிட்டர்.

கண்ணுக்குத் தெரியுமா? தெரியும், தேடத் தெரிந்தால். 10 மடங்கு காட்டும் லென்ஸை எடுத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் போர்டை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். நல்ல ஜாயின்ட் பின்னிலிருந்து போர்டு வரை ஒரே சரிவாக இறங்கும். விட்டுப்போன ஜாயின்ட்டில் பின்னைச் சுற்றி மெல்லிய கறுப்பு வளையம் தெரியும், மரத்தைச் சுற்றிப் பாத்தி வெட்டினதுபோல. சந்தேகம் இருந்தால் பின்னை ஒரு பல்குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள். சால்டர் அசையாமல் பின் மட்டும் அசைந்தால் அதுதான். மல்டிமீட்டரின் பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். சும்மா கிடக்கும்போது விரிசலின் இரு பக்கமும் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். பின்னை அசைத்துக்கொண்டே அளந்தால்தான் விட்டு விட்டுப் பேசும்.

இரண்டாம் தலைமுறை ஃபோர்டு ஃபோகஸ் இதற்குப் பேர்போன உதாரணம். கிளஸ்டர் கனெக்டரின் பின்களில் விரிசல் விடும். சரியான சாவி இல்லாவிட்டால் காரை ஸ்டார்ட் ஆகவிடாத இம்மொபிலைசரின் பேச்சு கிளஸ்டர் வழியாகப் போவதால் முள்கள் விழுவதோடு நிற்காமல் காரே ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்யும். பேட்டரி, ஸ்டார்ட்டர் என்று பணத்தைக் கொட்டிவிட்டுக் கடைசியில் இங்கே வந்து சேர்வார்கள்.

சரிசெய்யத் தேவையானது: சூட்டைக் கட்டுப்படுத்தும் சால்டரிங் ஸ்டேஷன், 2 முதல் 3 மில்லிமீட்டர் உளி முனை, ரோசின் உள்ளே வைத்த 63/37 சால்டர் (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) 0.6 அல்லது 0.8 மில்லிமீட்டர் தடிமனில், ஆக்சைடை நீக்கிச் சால்டரை ஓடவைக்கும் ஃப்ளக்ஸ் தனியாக, சால்டர் உறிஞ்சும் செம்பு வலை, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ்.

முதலில் ஆல்கஹாலால் ஜாயின்ட்டைத் துடையுங்கள். சில போர்டுகளின் மேல் வார்னிஷ் போல ஒரு பூச்சு இருக்கும். அதை அந்த இடத்தில் மட்டும் சுரண்டி எடுங்கள். ஃப்ளக்ஸ் தடவி, 350 டிகிரியில் முனையை வைத்து, செம்பு வலையால் பழைய சால்டரை உறிஞ்சுங்கள். பிறகு முனை பின்னையும் போர்டின் வட்டத்தையும் ஒரே நேரத்தில் தொடும்படி வைத்து, புது சால்டரைப் பின்னில் கொடுங்கள், முனையில் வேண்டாம். இரண்டு மூன்று வினாடிக்குள் சால்டர் ஓடிப் பரவும். சால்டரை முதலில் எடுத்துவிட்டு அயர்னை அப்புறம் எடுங்கள். உறையும்வரை போர்டை அசைக்கக் கூடாது; அசைந்தால் நீங்களே ஒரு டிரை சால்டர் செய்துவைத்திருப்பீர்கள்.

பழைய சால்டரை உறிஞ்சாமல் சூடு மட்டும் காட்டி உருக்கிவிட்டால் என்ன? அன்றைக்கு வேலை செய்யும். ஆனால் விரிசலின் உள்ளே ஆக்சைடு படிந்திருக்கும். ஃப்ளக்ஸ் இல்லாமல் உருக்கினால் அது உள்ளேயே தங்கிவிடும், சில மாதத்தில் மறுபடி அதே கதை. இன்னொரு காரணமும் உண்டு. 2000களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பல போர்டுகளில் ஈயம் இல்லாத சால்டர் இருக்கும். அது உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 63/37 கலவை 183 டிகிரியிலேயே உருகும். இரண்டையும் அரைகுறையாகக் கலப்பதைவிடப் பழையதை எடுத்துவிடுவது மேல்.

எர்த் பின்னில் சால்டர் ஓடவே மாட்டேன் என்னும். பின்னால் பெரிய செம்புப் பரப்பு சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. அதற்காக 450 டிகிரிக்கு ஏற்றினால் டிராக் போர்டைவிட்டுக் கிளம்பிவிடும். முனையைப் பெரிதாக மாற்றுங்கள், ஃப்ளக்ஸை இன்னும் கொஞ்சம் தடவுங்கள்.

கனெக்டரில் ஒரு பின் விட்டிருந்தால் அந்த வரிசை முழுவதையும் மறுபடி செய்துவிடுங்கள். எல்லாப் பின்னும் ஒரே வயசு. முடிந்ததும் ஃப்ளக்ஸைத் துடைத்து, பக்கத்துப் பின்னோடு சால்டர் ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், சாப்பிடும் முன் கை கழுவுங்கள், தொட்டது ஈயம்.

ரெகுலேட்டர் செய்யும் விஷமம்

பேட்டரி வோல்டேஜ் நிலையாக இருப்பதில்லை. என்ஜின் நின்றிருக்கும்போது 12.6, ஓடும்போது 14க்கு மேல். இதை நேராகக் கொடுத்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதெல்லாம் பெட்ரோல் கூடுவதாக முள் காட்டும். அதனால் நடுவில் ரெகுலேட்டர் ஒன்று உட்கார்ந்திருக்கும். பழைய பிரிட்டிஷ் கார்களில் அது சுமார் 10 வோல்ட்டைத் தரும் சின்ன உலோகப் பெட்டி: உள்ளே ஒரு பட்டை சூடாகித் தொடர்பை விடும், ஆறித் தொடும், சராசரி 10 வோல்ட். டிஜிட்டல் மீட்டரில் அளந்தால் எண் குதித்துக்கொண்டே இருக்கும். அது பழுதல்ல, அதன் இயல்பே அப்படி. முதல், இரண்டாம் தலைமுறை வோக்ஸ்வாகன் கோல்ஃபில் அதே 10 வோல்ட்டை மூன்று கால் வைத்த சிப் ஒன்று செய்கிறது. மைக்ரோகன்ட்ரோலர் வந்த கிளஸ்டர்களில் 5 வோல்ட்.

இதில் கவனிக்க வேண்டியது ரெகுலேட்டரின் எர்த். பழைய பெட்டிக்கு எர்த் போய்விட்டால் உள்ளே இருக்கும் பட்டை சூடாகவே ஆகாது, தொடர்பு விடாது, முழு பேட்டரி வோல்டேஜும் மீட்டருக்குப் போகும். பெட்ரோலும் சூடும் இரண்டுமே அதிகமாகக் காட்டும். மூன்று கால் ரெகுலேட்டரிலும் எர்த் கால் விட்டால் அவுட்புட், இன்புட்டை நெருங்கி ஏறிவிடும். மாறாக, தொடர்பு ஒட்டாமல் நின்றாலோ ரெகுலேட்டர் செத்தாலோ இரண்டு முள்ளும் அடியில் கிடக்கும். ஆகவே இரண்டு முள்ளும் மேலே ஏறி நின்றால் புது ரெகுலேட்டர் வாங்க ஓடாதீர்கள். அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கழற்றி, அடியைத் தேய்த்துச் சுத்தம் செய்து, மாட்டி அளந்து பாருங்கள்.

கெப்பாசிட்டர்

ரெகுலேட்டருக்கு முன்னும் பின்னும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் நிற்கும். உள்ளே இருக்கும் திரவம் வருடக்கணக்கில் காய்ந்துபோகும், அல்லது அடியில் கசியும். காய்ந்தால் டிஸ்ப்ளே மினுக்கும், ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் கிளஸ்டர் ரீசெட் ஆகும், முள்கள் துடிக்கும். கசிந்தால் சுற்றியுள்ள டிராக்கையே தின்றுவிடும். சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன் வாடை வந்தால் கசிந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாற்றும்போது மைக்ரோஃபாரட் அளவு அதேதான் இருக்க வேண்டும். வோல்டேஜ் அதே அல்லது அதற்கு மேல். சூடு தாங்கும் அளவு 105 டிகிரி என்று எழுதியிருக்க வேண்டும். 85 டிகிரி ரகம் டேஷ்போர்டின் வெயிலுக்கு நிற்காது. திசை மாறினால் வெடிக்கும். கால் நீண்ட அலுமினிய ரகத்தில் கோடு போட்டிருக்கும் பக்கம் நெகட்டிவ். போர்டின் மேலேயே ஒட்டும் அலுமினிய டப்பாவில் கறுப்பு அடித்த பக்கம் நெகட்டிவ். ஆனால் மஞ்சள் நிறச் செங்கல் மாதிரி இருக்கும் டான்டலத்தில் கோடு போட்ட பக்கம் பாசிட்டிவ். இங்கே ஏமாறாத ஆள் குறைவு.

கசிந்த இடத்தை ஆல்கஹாலும் பிரஷும் வைத்துத் தேய்த்து, டிராக் கறுத்திருந்தால் முனைக்கு முனை தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். அறுந்திருந்தால் மெல்லிய எனாமல் ஒயரால் பாலம் போடலாம்.

1990களின் தொடக்கத்து லெக்சஸ் எல்எஸ் 400 போன்ற கார்களில் முள்ளும் எண்களும் குளிர் கேதோடு குழல் விளக்கால் ஒளிரும். அதற்கான இன்வெர்ட்டரில் சில நூறு வோல்ட் ஓடும். சப்ளை இருக்கும்போது அந்தப் பகுதியில் விரல் வைக்காதீர்கள்.

முள் மோட்டார்

நின்ற காரில் ஸ்பீடோமீட்டர் 40 காட்டுகிறது. இதைப் பார்த்து சிப் குழம்பிவிட்டது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் முள் எங்கே நிற்கிறது என்பது சிப்புக்கே தெரியாது. ஸ்டெப்பர் மோட்டாருக்கு இத்தனை படி முன்னே, இத்தனை படி பின்னே என்று கட்டளை மட்டும்தான் போகும். திரும்பிப் பதில் வராது. இக்னிஷன் போட்டதும் முள்ளை இடது ஓரத் தடுப்புவரை ஓட்டி, அதை பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். மோட்டார் நடுவில் நான்கு படி தவறவிட்டால் அந்தத் தவறு அப்படியே தொடரும்.

2003 முதல் 2006 வரை வந்த ஜிஎம் பிக்அப், எஸ்யூவிகளில் இது ஊரறிந்த கோளாறு. அங்கும் பிற பல கார்களிலும் இருப்பது எக்ஸ்27.168 குடும்பத்து மோட்டார், அல்லது அதற்கு இணையானது. 315 டிகிரி சுழலும். நான்கு கால், இரண்டு காயில். ஒவ்வொரு காயிலும் சுமார் 280 ஓம். 5 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியருக்குள்தான் இழுக்கும், அதனால் சிப்பின் கால்களே நேராக ஓட்டலாம். கழற்றிய மோட்டாரை அளந்து, ஒரு காயில் அறுந்திருந்தாலோ இரண்டுக்கும் இடையே தொடர்பு இருந்தாலோ தூக்கிப் போடுங்கள். அளவு சரியாக இருந்தும் சந்தேகமென்றால், அதே ரகமான பக்கத்து மோட்டாரோடு இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறு மோட்டாரோடு போனால் மோட்டார். பழைய இடத்திலேயே நின்றால் போர்டு. ஒன்று போனால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன, எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவது நல்லது.

முள்ளை எடுப்பதில்தான் ஆரம்பக்காரர்களின் கை நடுங்கும், நடுங்குவதும் நியாயமே. முதலில் முள்ளை மெதுவாக இடது தடுப்புவரை தள்ளி, அது தொடும் இடத்தைக் குறித்துப் போட்டோ எடுங்கள். டயலின் மேல் மெல்லிய அட்டைத் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஸ்பூன் காம்பு கொடுத்து நேர் மேலே தூக்குங்கள். ஒரு பக்கம் நெம்பினால் மோட்டாரின் தண்டு வளையும், சில நேரம் முள்ளுக்குள்ளேயே உடைந்து தங்கும். மாட்டும்போது தண்டைத் தடுப்புவரை திருப்பி, குறித்த இடத்தில் முள்ளை அழுத்துங்கள். டயலோடு உரசும்படி அடிவரை அமுக்காதீர்கள், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். பிறகு ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்பீடோமீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது கம்பெனி வேண்டுமென்றே செய்வது. குறைவாகக் காட்டினால் முள்ளைத் தவறாக மாட்டியிருக்கிறீர்கள்.

குறுக்குக் காயில் மீட்டர்களில் தடுப்பைப் பூஜ்யமாக நம்ப முடியாது. கழற்றும் முன் சப்ளை கொடுத்து, தெரிந்த ஒரு அளவில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணும் சக்கரம் வைத்த பழைய ஓடோமீட்டர் நின்றுபோனால் பெரும்பாலும் உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரம் பொடிந்திருக்கும். ஓடும்போது ட்ரிப் பட்டனை அமுக்குவது அதற்கு எமன்.

பல்ப், பிலிம், டிஸ்ப்ளே

பிலிம் சர்க்யூட்டில் சால்டரிங் அயர்ன் பட்டால் சுருங்கிவிடும். பல்ப் ஹோல்டர் தொடும் செம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஹோல்டரின் நாக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டாலே முக்கால்வாசி சரியாகும். அறுந்த டிராக்குக்கு வெள்ளிப் பெயிண்ட் அல்லது ஹோல்டருக்கு ஹோல்டர் ஒரு ஒயர். 1.2 வாட் பல்ப் இருந்த இடத்தில் 3 வாட் போட்டால் டயல் பழுக்கும்.

எல்இடி போட ஆசை இருந்தால் சார்ஜ் லைட்டை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் முதலில் உயிர்பெறுவதே அந்த பல்ப் வழியாகப் பாயும் கரண்டில்தான். 1.2 வாட் பல்ப் சுமார் 100 மில்லிஆம்பியர் விடும். எல்இடி அதில் சிறு பங்குதான் விடும். அப்புறம் சார்ஜ் ஏறவில்லை என்று ஆல்டர்னேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பீர்கள். கிளஸ்டரின் பின்னொளி முழுக்கப் போயிருந்தால், பல்ப்களைத் தொடும் முன் வெளிச்சம் குறைக்கும் டிம்மர் குமிழை இருபது தடவை திருப்பிப் பாருங்கள்.

எல்சிடியில் வரிவரியாகக் காணாமல் போவது பிக்சல் பழுது. பிஎம்டபிள்யூ இ38, இ39 இதற்குப் பிரபலம். கண்ணாடியையும் போர்டையும் இணைக்கும் ரிப்பன் சூட்டில் ஒட்டப்பட்டது, ஒட்டு விடுகிறது. சூடான அயர்னால் மறுபடி அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும், நிலையான தீர்வு புது ரிப்பன்தான். ரிப்பனுக்குப் பதிலாக வரிவரியான ரப்பர் துண்டு இருந்தால் பாக்கியம். ஆல்கஹாலால் துடைத்துத் திரும்ப வைத்தால் முடிந்தது. மை கொட்டினதுபோல் கறை படர்ந்திருந்தால் கண்ணாடியே உடைந்திருக்கிறது, அதற்கு மருந்து கிடையாது.

மெமரியைத் தொடும் முன்

93சி46, 93சி56, 24சி04 போன்ற எட்டுக்கால் மெமரி சிப்பில்தான் கிலோமீட்டர் இருக்கிறது. பல கார்களில் சாவியின் இம்மொபிலைசர் தகவலும் அதிலோ மைக்ரோகன்ட்ரோலரிலோ இருக்கும். வேறு காரின் கிளஸ்டரை மாட்டினால் ஸ்டார்ட் ஆகாமல் போவது இதனால்தான். மெமரி சிப்பைப் படித்து எழுதும் கருவியான உங்கள் புரோகிராமர் அந்த வரிசை சிப்பைப் படிக்குமா என்று முதலில் பாருங்கள்; 24, 25 வரிசை மட்டும் படிக்கும் கருவிகள் நிறைய உண்டு. சால்டரிங் தொடங்கும் முன்பே இரண்டு தடவை படித்து, இரண்டு ஃபைலும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பத்திரப்படுத்துங்கள். ஒன்றாக இல்லையென்றால் சிப்பின் கால்களில் மாட்டும் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை. அந்த நிலையில் எழுதினால் எல்லாம் போச்சு. கிலோமீட்டரைக் குறைத்து எழுதுவது பல நாடுகளில் கிரிமினல் குற்றம்.

மாட்டும் முன் மேசையில்

ஒயரிங் வரைபடத்தைப் பார்த்து, ஜெர்மன் கார்களானால் 31 என்ற எண்ணில் எர்த், 30இல் நேரடி பேட்டரி, 15இல் இக்னிஷன், 58இல் பின்னொளி என்று கொடுங்கள். சப்ளை 13.5 வோல்ட், கரண்ட் அளவு 1 ஆம்பியரில் கட்டுப்படுத்தியது. பிளாஸ்டிக் குச்சியால் போர்டை அங்கங்கே தட்டுங்கள். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடேற்றுங்கள். எதுவும் மினுக்காமல் பத்து நிமிடம் நின்றால் மாட்டலாம்.

மாட்டியதும் ஃபிரேமை மூடாமல் இக்னிஷன் மட்டும் போட்டுப் பாருங்கள். ஆயில், சார்ஜ், ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கிய சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையாத விளக்கைவிட எரியவே எரியாத விளக்கைத்தான் கவனிக்க வேண்டும். ஆயில் லைட் இக்னிஷனில் எரியவில்லை என்றால் பல்ப்பையோ அதன் ஜாயின்ட்டையோ சரிசெய்யாமல் காரை நகர்த்தாதீர்கள்.